இடையிசையை ஓட்டிவிடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு கட்டுரையில் போகிறபோக்கில், இளையராஜா இசையமைத்த 'தளபதி' படப் பாடல்களை உயர்த்தி எழுதியிருந்தீர்கள். எனக்கு வயது 23. படத்தை ஓடிடியில்தான் பார்த்தேன், பிறகு பாடல்களைத் தேடிக் கேட்டேன். வெட்டும் அடிதடியுமாகப் போகிற படம். ஆனால் ஹீரோவுக்கென்று ஒரு மாஸ் பாட்டு இல்லை. இன்றைய ஆக்‌ஷன் படப் பாடல்கள் கேட்டதும் உடம்பில் ஏறுகின்றன, இது ஏறவில்லை. மெட்டுகள் அழகு, மறுக்கவில்லை. நடுவில் வரும் நீளமான வாத்தியப் பகுதிகளை ஓட்டிவிட்டுக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. பழைய நினைவுகளுக்காகத்தான் உங்கள் தலைமுறை இதைக் கொண்டாடுகிறதா? 'ராக்கம்மா கையத் தட்டு' பிபிசி வாக்கெடுப்பில் ஜெயித்தது உண்மையா? 'புத்தம் புது பூ' படத்தில் ஏன் இல்லை? ஏழு பாடல்களையும் நீங்கள் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கொஞ்ச காலமாகவே பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். பல்லவி முடிந்ததும் அந்த விரல் திரையில் ஓர் இழுப்பு இழுக்கும். நேராகச் சரணத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் நீங்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கூச்சமே இல்லாமல்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 'ராக்கம்மா' ஜெயிக்கவில்லை. 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் இடம். அதனால் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் கூடிவிடவில்லை. வரிசைப்படுத்த மாட்டேன். இன்றைய பாடல்கள் மேல் எனக்குப் புகாரும் இல்லை. உடம்பில் ஏறுவதும் இசையின் வேலைதான். 'புத்தம் புது பூ' கேசட்டில் இருந்தது, படத்தில் இல்லை. எந்த முகமும் குறுக்கே வராமல் யேசுதாஸையும் ஜானகியையும் மட்டும் கேட்க ஒரு பாட்டு கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாட்டை மும்பையில் இந்தி இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் வாத்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். வயலின்காரர்களை அத்தனை பேராக உட்காரவைத்தது, உங்கள் விரல் இழுத்துத் தள்ளுவதற்கு அல்ல தம்பி.

பாட்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பல்லவியில் பாலசுப்ரமணியம் உன்னை விட்டு நீங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். கல்யாணி ராகம், குழைவான குரல், எல்லாம் சுகமாக இருக்கிறது. அப்புறம் இடையிசை. வயலின்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன, ஊதுகருவிகள் முழங்குகின்றன, முரசு அதிர்கிறது. திரையில் குதிரைகள், வாள், கவசம். காதலன் போருக்குப் போய்விட்டான். அந்த ஆரவாரம் அடங்கியதும் ஜானகி சரணத்தை எடுக்கிறார். என்ன கேட்கிறார்? சொன்ன சொல்லெல்லாம் காற்றோடு போய்விட்டதே, இது நியாயமா என்று கேட்கிறார். அதற்கு அவன், வாளோடு நின்றாலும் நெஞ்சுக்குள் நீதான் ஊர்வலம் போகிறாய் என்கிறான். வாலி எழுதியது.

இடையிசையைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கேட்டால் அவள் கேள்வி எங்கிருந்து வருகிறது? இப்போதுதான் பிரியமாட்டேன் என்றான், அடுத்த நொடியே அவள் நியாயம் கேட்கிறாள். அவன் போன தூரம், அவள் காத்திருந்த காலம், நடுவில் நடந்த போர், எல்லாம் அந்த வாத்தியங்களுக்குள் அல்லவா இருக்கிறது! ஆக்‌ஷன் எங்கே என்று கேட்டீர்கள். காதல் பாட்டின் இடையிசையில்தான் இருந்தது. அதைத் துண்டித்து எறிந்துவிட்டு, காணோமே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

வரிகள்தான் பாட்டு, மற்றதெல்லாம் பாடகர் மூச்சுவிடும் இடைவெளி என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தது ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட். கடைக்காரர் அளவு பார்க்காமல் பதிந்ததில், 'சுந்தரி'யின் இரண்டாவது இடையிசைக்கு நடுவிலேயே ஒரு பக்கம் தீர்ந்து, டேப் 'டக்'கென்று நின்றுவிடும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பெரியம்மா நிறுத்த மாட்டார். வயலினை வாயால் இழுத்து, முரசு வரவேண்டிய இடத்தில் முறத்தின் விளிம்பைத் தட்டி, சரணத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார். ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. வரிகளைத் தப்பும் தவறுமாகத்தான் பாடுவார். வாத்தியம் மட்டும் ஓர் இடத்தில்கூடப் பிசகாது. படத்தை அவர் பார்த்ததே இல்லை. கர்ணன் கதை என்று சொன்னபோது, "அதான் இவ்வளவு அழுகையா இருக்கு" என்றார். அவருக்கு என்ன பழைய நினைவு? அன்று அது புதுப் பாட்டு.

அழுகை என்றதும் உங்கள் மாஸ் பாட்டு ஞாபகம் வருகிறது. உங்களுக்கு வேண்டிய குத்து 'ராக்கம்மா'வில் இருக்கிறது. ஆனால் அதற்கு நடுவிலும் ஆட்டம் அடங்கி, பெண்கள் கூட்டமாக அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரத்தைப் பாடிவிட்டுப் போகிறார்கள். ஹீரோ சூர்யாவுக்கென்று, அதாவது ரஜினிக்கென்று, ஒரு இசை இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, அது தாலாட்டு. 'சின்னத் தாயவள்' மெட்டு படம் நெடுகப் பின்னணியில் திரும்பத் திரும்ப வரும். கோயிலில் சில அடி தூரத்தில் அம்மாவும் மகனும், யார் யாரென்று தெரியாமல் நிற்பார்கள். ரயில் ஊதும். குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்ட அந்த அம்மாவாக ஸ்ரீவித்யா. அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் என்ன ஆகிறது என்று மறுபடி போட்டுப் பாருங்கள். ஊரே பயப்படுகிற ஒரு ரவுடிக்கு அவனைத் தொட்டிலில் போடாத அம்மாவின் பாட்டைக் கொடுத்திருக்கிறார் இளையராஜா. 'அண்ணன் வரார், வழி விடு' என்று பாட இன்னொரு பாட்டு எதற்கு?

உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான். 1991 தீபாவளிக்கு வந்த படத்தின் ஆல்பத்தைத் தேடிக் கேட்கும் 23 வயதுப் பையனைத் திட்டித் துரத்திவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவேன்? இன்றிரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'சுந்தரி'யை ஆரம்பத்திலிருந்து போடுங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இரண்டு இடையிசைகளிலும் போர் எந்த வாத்தியத்தில் தொடங்கி எந்த வாத்தியத்தில் ஓய்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, பதில் போடுகிறேன்.