மகள் ஜியாலஜி கேட்கிறாள், சேர்க்கலாமா?

ப்ளஸ் டூ முடித்த மகள் பனியாறு, பாறை என்றே பேசிக்கொண்டிருக்கிறாள், ஜியாலஜி (நிலவியல்) சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், சார். போடும். ஆனால் வெறும் பி.எஸ்சி. போடாது. அவள் காட்டிய 'டில்' வீடியோ தலைகால் புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், இந்தத் துறையில் எதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது அதில் இருக்கிறது.

பனியாறு என்பது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள். அது நகரும்போது அடியிலுள்ள பாறையைப் பெயர்த்து, அரைத்து, கூடவே இழுத்துப் போகும். ஆற்று நீர் கூழாங்கல்லை ஓரிடத்திலும் மணலை ஓரிடத்திலும் பிரித்துப் போடும். பனிக்கு அந்த வேலை தெரியாது. மாவு போன்ற தூளிலிருந்து லாரி அளவுப் பாறை வரை கலந்துகட்டிப் போட்டுவிட்டுப் போகும். அந்தக் கலவைதான் டில். பனிக்கு அடியில் அழுந்தியது கெட்டிப்பட்டிருக்கும். உருகும்போது மேலிருந்து இறங்கியது பொலபொலவென்றிருக்கும். அதிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் துடைத்துப் பாருங்கள்: ஒரு முகம் தேய்ந்து தட்டையாகி, அதன்மேல் இணையான கீறல்கள் ஓடலாம். நீளக் கற்கள் பெரும்பாலும் பனி போன திசையிலேயே படுத்திருக்கும்.

இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு என்ன கிடைக்கும்? 1908-ல் பின்லாந்தின் கிவிசால்மி நீரிணையைத் தூர்வாரியபோது தாமிரத் தாது நிறைந்த பாறை ஒன்று வந்தது. அந்த வட்டாரப் பாறையே இல்லை அது. பனி வடமேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஓட்டோ ட்ருஸ்டெட் என்ற ஜியாலஜிஸ்ட் அந்தத் திசையில் தேடிக்கொண்டே போனார். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, 1910-ல் ஓட்டோகும்பு தாமிரப் படிவம் அகப்பட்டது. பின்னாளில் கனடாவில் சக் ஃபிப்கே என்ற ஜியாலஜிஸ்ட், பனி விட்டுப்போன மண்ணில் வைரத்துக்குத் துப்பாகும் கார்னெட் என்ற கனிம மணிகளைத் தேடி, அவை வந்த வழியே போய் வைரத்தைக் கண்டார். அங்கே எகாட்டி வைரச் சுரங்கம் 1998-ல் திறந்தது.

நம் நாட்டிலும் உண்டு. ஒடிசாவின் தால்சேரில் நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே, பனி சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன பாறைப் படிவம் கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே காலத்துப் படிவங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நிலமாக ஒட்டியிருந்ததற்கு அது ஒரு சாட்சி. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரியைத் தாங்கியிருந்ததும் இப்படிப் பனி விட்டுப்போன கல்மண் குவியல்தான். கரை உடைந்ததும் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். இமயமலையில் அணை, சுரங்கப்பாதை, சாலை எது போட்டாலும் ஜியாலஜிஸ்ட் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, வழி என்ன? சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் ஜியாலஜி இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் தேர்வுக்குத் தயாராகட்டும். எம்.எஸ்சி. முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம்; இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு அதுதான் வாசல். ஆராய்ச்சியில் ஆர்வமென்றால் இமயமலை நிலவியலை ஆராயும் டேராடூன் வாடியா நிறுவனம்.

பெண் பிள்ளை காடுமேடு அலைவாளா என்பது உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். அலையத்தான் வேண்டும், மறைக்க மாட்டேன். வெயிலில் சுத்தியலோடு நாள் முழுக்க நடப்பது அவளுக்குப் பிடிக்குமா என்று அவளையே கேளுங்கள். சேர்க்கைக்கு முன்னால் அந்தத் துறைக்கு நேரில் போய், களப்பயிற்சிக்கு வருடத்தில் எத்தனை நாள், எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று விசாரியுங்கள். மழுப்பினார்கள் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.