தொழில் உறவுகள் என்றால் என்ன, அதன் பரப்பு எதுவரை?

மனிதவள டிப்ளோமா பரீட்சைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இதை எழுதுங்கள்: தொழில்தருநரும் தொழிலாளரும், இரு தரப்புச் சங்கங்களும், நடுவில் அரசும் சம்பளம், வேலை நிலைமை, பிணக்கு ஆகியவற்றைத் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் முறைதான் தொழில் உறவு. இலங்கையின் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தையும், தொழிலாளரில் 40 வீதத்தினரைக் கொண்ட சங்கத்துடன் பேச மறுக்க முடியாது என்ற 1999 திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளி கிடைக்கும்.

பரப்பைப் பற்றிக் கேட்டதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவன் நான். எங்களுக்கு அது, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசு வரை நீளும்.

அங்கே நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். மழை நாளில் சரி. பங்குனி வெயிலிலும் அதே கழிவு. அதனால் அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவு குறைந்தால் அரைப்பேர். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய் மாலை வரை மலையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம்! ஒரு நாள் அம்மாவும் கூட வேலை செய்த பெண்களும், "வெறும் சாக்கை நிறுத்துக் காட்டுங்கள் ஐயா" என்றார்கள். கணக்கப்பிள்ளை மறுத்தார். பகல் நிறுவைக்குப் பிறகு ஒருவரும் மலை ஏறவில்லை. சங்கத் தலைவர் வந்தார், தோட்ட நிர்வாகியான துரை வந்தார். கடைசியில் துரையே சாக்கை உதறித் தராசுக் கொக்கியில் மாட்டச் சொன்னார். முள் ஒரு கிலோவைத் தொடவில்லை. மறுநாள் முதல் வெயிலுக்கு ஒரு கழிவு, மழைக்கு ஒரு கழிவு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. இது கூட்டுப் பேரம் இல்லையென்றால் வேறெது?

எல்லாத் தோட்டமும் இப்படியா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணக்கப்பிள்ளையைக் கெட்டவர் என்றும் சொல்லவில்லை, அவருக்கும் மேலிருந்து நெருக்குதல். ஆனால் 2021 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. தோட்டக் கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ ஏறியது. வர்த்தமானியில் கூடிய சம்பளத்தைத் தராசு திருப்பி வாங்கிக்கொண்டது. சம்பளத் தொகையை மட்டும் படித்துவிட்டு மலையகத்துத் தொழில் உறவு தெரியும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.