உறுப்பினர் பட்டியலை யாருக்குக் காட்டலாம்?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் கபடி பழக வருவோரின் விண்ணப்பங்களை, ஆதார் நகலோடு, செயலாளர் என்ற முறையில் நான் வைத்திருக்கிறேன். முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். சீருடை வழங்கும் நன்கொடையாளர் ஒருவரும் கைப்பேசி எண்களைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டுமே கூடாது. விளையாடுவதற்கென்று வாங்கிய எண்ணை, அதைத் தந்தவரின் சம்மதமின்றி, நன்கொடையாளராகவே இருந்தாலும் வேறொருவருக்குக் கொடுப்பது முறையன்று. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுவதோடு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலையும் கோருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் கிடக்கட்டும், ஆதார் நகல் உங்களுக்கு எதற்கு? வயதை அறியப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். ஆதார்தான் வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதும். இரத்த வகையும் பெற்றோரின் எண்ணும் அவசியம்தான், ஆனால் அவை பயிற்சியாளரிடம் இருந்தால் போதுமே தவிர, குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் எதற்கு?

பழைய விண்ணப்பங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரோட்டில் ஒரு கடையில் எனக்குப் போண்டா மடித்துத் தந்த தாள், யாரோ ஒரு மாணவியின் சேர்க்கை விண்ணப்பம். எண்ணெய் ஊறிய பிறகும் வீட்டு முகவரி பளிச்சென்று தெரிந்தது. கிழித்து, எரித்துவிடுங்கள்.