பத்து வயசு தாண்டுன பசங்க உடம்பு: இந்த தடவ வந்த கேள்விங்க

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வந்த கடுதாசில பாதிக்கு மேல வயசே இல்ல. "என் பையனுக்கு", "என் பொண்ணுக்கு"ன்னு ஆரம்பிச்சு ஒரு பக்கம் எழுதுறீங்க, ஆனா 11 வயசா 17 வயசான்னு தெரியாம நான் என்ன சொல்ல முடியும்? வயசு, உயரம், எடை மூணும் எழுதுங்க. ரிப்போர்ட் இருந்தா நம்பரோட எழுதுங்க, "கம்மியா இருக்குனு சொன்னாங்க"ங்கறது ரிப்போர்ட் இல்ல.

பொண்ணுக்கு இன்னும் ஏதாவது ஊசி பாக்கி இருக்குமா? (கூத்தப்பாக்கம்)

பாருங்க, இதுலயும் வயசு இல்ல. அஞ்சு வயசு ஊசியோட கார்டை பீரோவுல வச்சு மூடிடுறோம், அதான் பிரச்சனை. டெட்டனஸ்-டிஃப்தீரியா ஊசி 10 வயசுல ஒண்ணு, 16 வயசுல ஒண்ணு. கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வராம தடுக்குற எச்.பி.வி ஊசி 9லேருந்து 14க்குள்ளன்னா ஆறு மாச இடைவெளில ரெண்டு டோஸ், 15 தாண்டிட்டா வழக்கமா மூணு. "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு எதுக்கு"ன்னு மாமியார் கேட்டா, வைரஸ் உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழு பலன், அதுக்குதான் சின்ன வயசுலயே போடறதுன்னு சொல்லுங்க. பசங்களுக்கும் போடலாம். போட்டதும் கால் மணி நேரம் உக்கார வைங்க, இந்த வயசுல ஊசி போட்டதும் மயக்கம் போட்டு விழறது சகஜம்.

14 வயசு பையன், கிளாஸ்லயே குள்ளம். உயரத்துக்கு எந்த பவுடர் நல்லது? (லாஸ்பேட்டை)

எதுவும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா சுவத்துல கோடு போட்டு அளந்து எழுதி வைங்க. வருஷத்துக்கு 4 செ.மீ. கூட ஏறலன்னாலோ, 14 முடிஞ்சும் வயசுக்கு வர்ற அறிகுறியே இல்லன்னாலோ குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. டப்பாவ நம்பி ஒரு வருஷத்த வீணாக்காதீங்க.

பொண்ணு கழுத்துல கருப்பா பட்டை மாதிரி இருக்கு, எலுமிச்சம்பழம் தேய்ச்சும் போகல, என்ன க்ரீம் போடலாம்? வயசு 13, எடை 68. (அரியாங்குப்பம்)

வயசும் எடையும் எழுதுனதுக்கு நன்றிம்மா. அது அழுக்கு இல்ல, தேய்க்காதீங்க, தேய்ச்சா தோல் இன்னும் தடிக்கும். இந்த எடைக்கு கழுத்து மடிப்புலயும் அக்குள்லயும் இப்படி வெல்வெட் மாதிரி கருக்குதுன்னா, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம ஜாஸ்தியா சுரக்குதுன்னு பெரும்பாலும் அர்த்தம். வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா? வெறும் வயித்துல சுகரும், மூணு மாச சராசரி சுகர காட்டுற எச்.பி.ஏ1சி-யும் ஒரு தடவ பாத்துடுங்க, பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிய தாண்டக்கூடாது, இது வீட்லயே டேப் வச்சு பாக்கலாம். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடணும், பாட்டில் ஜூஸ் கூல்ட்ரிங்க்ஸ் நிறுத்தணும். எடை இறங்குனா கழுத்து தானா வெளுக்கும். மெடிக்கல் ஷாப்ல கேட்டு க்ரீம் வாங்காதீங்க, அதுல பல க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்கு.

9ஆவது படிக்கிற பொண்ணு, 14 வயசு, எச்.பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) 9.2. ஸ்கூல்ல குடுக்குற நீல மாத்திரை சூடு, சாப்ட்டா கருத்துடுவான்னு சொன்னாங்க, வேணாம்னு சொல்லிட்டேன். நல்ல டானிக் ஒண்ணு சொல்லுங்க. (நெல்லிக்குப்பம்)

இந்த கேள்வி மாசா மாசம் வருது, ஒவ்வொரு தடவயும் மனசு ஆறல. போன வருஷம் ஒரு ஸ்கூலுக்கு கேம்ப் போயிருந்தோம், பேர் வேணாம், வகுப்புக்கு பின்னாடி ஜன்னலுக்கு கீழ மண்ணுல நீலம் நீலமா மாத்திரை கொட்டி கிடந்துச்சு, அதே வகுப்புல விரல்ல குத்தி பாத்தா பொண்ணுங்களுக்கு 8, 9, 10ன்னு வருது. 12 இருக்கணும். மருந்து ஜன்னலுக்கு வெளிய, ரத்தசோகை ஜன்னலுக்கு உள்ள. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல 15லேருந்து 19 வயசு பொண்ணுங்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 60 பேருக்கு ரத்தசோகை, பசங்கள்லயும் 30 பேருக்கு. அதுக்காகத்தான் வாரம் ஒண்ணுன்னு காசில்லாம குடுக்குறாங்க, ஒரு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் ஆசிட்.

அது சூடும் இல்ல, தோல் கருக்கறதும் இல்ல. மலம்தான் கருப்பா போகும், அது நார்மல். மொத ரெண்டு மூணு வாரம் வயித்த பொரட்டலாம், மதியம் சாப்ட்டுட்டு நெறைய தண்ணியோட போட்டா பெரும்பாலும் அடங்கிடும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்ன பின்ன ஒரு மணி நேரம் டீ காபி கூடாது, டீ இரும்ப உடம்புல சேர விடாது. எங்க ஊர்ல இட்லிய முடிச்ச கையோட டீ டம்ளர எடுக்குறதுதான் பழக்கம், அத மொதல்ல மாத்துங்க.

இப்ப உங்க பொண்ணுக்கு வாரம் ஒரு மாத்திரை பத்தாது, அது வராம தடுக்குறதுக்கு. 9.2ங்கறது வந்தாச்சு. டாக்டர் சொல்ற அளவுல தினமும் இரும்பு மாத்திரை, எச்.பி 12 ஆனதும் நிறுத்தாம மேல ரெண்டு மூணு மாசம், அப்பதான் உடம்புல இருப்பு சேரும். டானிக்ல பலதுல இரும்பு எவ்ளோன்னு லேபிள்ல பாத்தா உங்களுக்கே புரியும். ஏன் கொறஞ்சுதுன்னும் பாக்கணும்: பீரியட்ஸ் ஏழு நாளுக்கு மேல போகுதா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையுதா, யாருக்கும் தெரியாம பச்சரிசி, சாக்பீஸ் மெல்றாளா (திட்டாதீங்க, அதுவே இரும்பு கம்மியோட அடையாளம்), பூச்சி மாத்திரை போட்டு எவ்ளோ நாளாச்சு? 19 வயசு வரைக்கும் பிப்ரவரி, ஆகஸ்ட்ல ஸ்கூல்லயும் அங்கன்வாடிலயும் அல்பெண்டசோல் குடுக்குறாங்க, மென்னு முழுங்கணும்.

பீட்ரூட், பேரீச்சம்பழம்னு எல்லாரும் சொல்றீங்க, ரெண்டுலயும் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு தேறுனா பெருசு. மீன், கறி, ஈரல்ல இருக்குற இரும்பு நல்லா ஒட்டும். துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, நெத்திலி வாங்கி குழம்பு வைங்க. சைவம்னா முருங்கக்கீரை, பயறு, கூட எலுமிச்சம்பழமோ ஒரு நெல்லிக்காயோ. ஆனா 9ல இருக்குற பொண்ணுக்கு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேணும். அடுத்த வாரம் ஸ்கூல்ல குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க, தினசரி மாத்திரை ஓடறத டீச்சர்கிட்ட சொல்லிட்டு எத போடறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

பீச் ரோட்ல நாய் நகம் பட்டுச்சு, ரத்தம் வரல. ஊசி வேணுமா? (15 வயசு பையனே எழுதிருக்கான்)

தோல் கீறியிருந்தா வேணும் தம்பி. சோப்பு போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு இன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போ. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காத. வலி இல்லன்னு நடுவுல ஒரு ஊசியகூட விடாத. வீட்ல மறைக்காம சொல்லு.

ப்ளஸ் டூ பையன். ஃப்ரெண்ட்ஸ் உதட்டுக்குள்ள வைக்கிற பாக்கெட் குடுக்குறாங்க, ஆறு மாசமா பழகிடுச்சு, காரம் சாப்ட்டா எரியுது. (திருப்பாதிரிப்புலியூர்)

எழுதுனது பெரிய விஷயம் தம்பி. கண்ணாடி முன்னாடி நின்னு வாய நல்லா தொற, உன்னோட மூணு விரல ஒண்ணு மேல ஒண்ணா நேரா வை. நுழையலன்னாலோ, எரிச்சல் ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தாலோ பல் டாக்டர்கிட்ட போயே ஆகணும், நீ எரியுதுன்னு சொல்றதால நுழைஞ்சாலும் ஒரு தடவ காட்டிடு. பாக்கும் புகையிலையும் உள் கன்னத்த இறுக்கிடும், இறுகுனது முழுசா பழையபடி ஆவறது கஷ்டம். இன்னிக்கே நிறுத்துனா மேல இறுகறதயாவது தடுக்கலாம். ஸ்கூல்லேருந்து நூறு கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாது, 18க்கு கீழ இருக்குறவங்களுக்கு எங்கயும் விக்கக்கூடாது, 2003லேருந்து சட்டம் இருக்கு, உனக்கு வித்தவர்தான் குத்தவாளி, நீ இல்ல. 1800 11 2356, காசில்லாத நம்பர், விட முடியலன்னா கூப்டு. ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு எனக்கு எழுது.