கணிதம் எங்கே கைகொடுக்கும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): நிகழ்தகவு படிக்கிறேன், சார். பரீட்சையைத் தாண்டி அது யாருக்காவது உதவியிருக்கிறதா?

பதில்: நிறையவே, அம்மா. எனக்கு மிகவும் பிடித்தது 1943இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் டார்ஃப்மேன் முன்வைத்த கூட்டுப் பரிசோதனை. அமெரிக்க ராணுவத்தில் சேர வருவோருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனியே சோதிப்பானேன், பலருடையதைக் கலந்து சோதிக்கலாமே என்றார் அவர். போட்டுப் பாருங்கள். 1,000 பேர், நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்று. பத்துப் பத்துப் பேராகக் கலந்தால் 100 சோதனை. ஒரு குழுவில் யாருக்குமே தொற்று இல்லாதிருக்க வாய்ப்பு, 0.99ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 0.90. ஆக, சுமார் 10 குழுக்களில்தான் தொற்று தென்படும். அந்த 100 பேரை மட்டும் தனியாகச் சோதித்தால் போதும். 1,000 சோதனை 200 ஆகிவிட்டது! கோவிட் காலத்தில் பல நாடுகள் இந்த வழியைத்தான் கையாண்டன.

கேள்வி (ஆய்வக ஊழியர்): அப்படியானால் எப்போதும் இப்படியே செய்துவிடலாமே?

பதில்: கூடாது. நூற்றுக்கு முப்பது பேருக்குத் தொற்று இருந்தால், 100 குழுக்களில் சுமார் 97 மாட்டிக்கொள்ளும். மொத்தச் சோதனை 1,000ஐத் தாண்டிவிடும். கலக்கும்போது மாதிரி நீர்த்துப்போய் லேசான தொற்று தப்பிவிடவும் கூடும். அது உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

கேள்வி: அடுத்த மாதம் எந்த நாளில் மழை என்றே சொல்ல முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து வெப்பம் கூடும் என்பதை எப்படி நம்புவது?

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்கு. அன்றாட வானிலையைக் கணிக்கும்போது, இன்றைய அளவீட்டில் இருக்கும் சிறு பிழைகூட நாள் செல்லச் செல்லப் பெருகிவிடும். 1963இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டியது இதைத்தான். பருவநிலை நீண்டகாலச் சராசரி. பூமிக்குள் வரும் ஆற்றலும் வெளியேறும் ஆற்றலும்தான் அதை முடிவு செய்கின்றன. வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் கார்பன் டையாக்சைடு காற்றில் இரட்டித்தால் சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் கூடும் என்று பருவநிலை ஆய்வாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967இலேயே கணக்கிட்டார்கள். இன்றைய மதிப்பீடுகள் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல்.

கேள்வி: ஆம்புலன்ஸ் நிலையம் எங்கே வேண்டும் என்று கணினியே முடிவெடுத்துவிடுமா?

பதில்: எதைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொன்ன பிறகுதான். 30 கிலோமீட்டர் சாலை. ஒரு முனையில் 90 பேர், மறுமுனையில் 10 பேர். சராசரித் தூரத்தைக் குறை என்றால், நிலையம் 90 பேர் பக்கமே நிற்கும். சராசரி 3 கிலோமீட்டர்தான், ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு 30. அதிகபட்சத் தூரத்தைக் குறை என்றால் நடுவில் வரும், எல்லோருக்கும் 15. கணக்கில் இரண்டுமே சரி. எது நியாயம் என்பதைச் சமன்பாடு சொல்லாது. அந்தப் பத்துப் பேரையும் உட்காரவைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது, யாருக்கும் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று முதலில் நிபந்தனை போட்டுவிட்டு, அதற்குள் சராசரியைக் குறைப்பது. அப்போது நிலையம் பெரிய ஊரிலிருந்து 10 கிலோமீட்டரில் அமையும், சராசரி 11.