முதுகுல கருநீலம் இருந்தா அடிச்சிருக்காங்கன்னு அர்த்தமா? சிடி ஸ்கேன் மட்டும் போதுமா?

ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "ராத்திரி தூங்கப் போன சித்தப்பா காலையில கட்டில்ல மல்லாக்க இறந்து கிடந்தாரு. துணி மாத்த திருப்பினப்போ முதுகு, இடுப்பு, தொடைப் பின்பக்கம் எல்லாம் கருநீலம். யாரோ அடிச்சிருக்காங்கன்னு வீட்ல பெரிய சண்டை. சிடி ஸ்கேன் எடுத்ததுல எலும்பு எதுவும் உடையல, நுரையீரல் பின்பக்கம் மட்டும் வெள்ளையா இருக்குன்னாங்க. அப்போ அடி இல்லன்னு எடுத்துக்கலாமா, இதோட போதும் அறுக்க வேணாம்னு சொல்லிடலாமா?"

முதல்ல அந்த நீலம். மல்லாக்க கிடந்த உடம்புல முதுகு நீலமா இருக்கறது இயல்புதான், இல்லாம இருந்தாதான் நான் யோசிப்பேன். இதயம் நின்னதும் ரத்தம் ஓடாது, தன் பாரத்துக்கு கீழ்ப்பக்கமா இறங்கி சின்னச் சின்ன குழாய்கள்ல தேங்கிடும், அதுதான் லிவிடிட்டி. பொதுவா அரை மணியிலருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள திட்டுத் திட்டா தெரிய ஆரம்பிச்சு, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, 8லருந்து 12 மணி நேரத்துல பெரும்பாலும் நிலைச்சுடும். அதுக்கு முன்னாடி கட்டைவிரலால அழுத்திப் பாத்தா அந்த இடம் வெளுக்கும், விரல எடுத்தா திரும்ப நிறம் வரும், நிலைச்சப்புறம் அழுத்தினாலும் மாறாது. ஆனா இந்த நேரக்கணக்க வச்சு "சரியா ரெண்டு மணிக்கு இறந்தாரு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, குளிர், ரத்தசோகை, ரத்தப்போக்கு எல்லாமே இதை மாத்தும்.

இன்னொன்னு கவனிச்சீங்களான்னு தெரியல, தோள்பட்டையும் புட்டமும் மெத்தையில அழுந்தின இடம் வெளிறியே இருந்திருக்கும், பெட்ஷீட் மடிப்போ பெல்ட்டோ இருந்தா அதுவும் வெள்ளக் கோடா பதியும். அடிபட்டு கன்னிப்போன இடத்துல இப்படி வராது. சந்தேகம் தீரணும்னா அந்த இடத்துல கத்தியால கீறிப் பாப்போம், லிவிடிட்டின்னா ரத்தம் குழாய்க்குள்ளதான் இருக்கும், தண்ணி ஊத்தினா கழுவிட்டுப் போயிடும், ரத்தக்கட்டுன்னா சதைக்குள்ளயே ஊறியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. (அழுகல் ஆரம்பிச்சுட்டா இந்த வித்தியாசமும் மங்கிடும், அதனாலதான் தாமதிக்கக் கூடாதுன்னு சொல்றோம்.)

நான் உண்மையா பயப்படறது நிறத்துக்கு இல்ல, கதையும் நிறமும் ஒத்துப்போகாததுக்கு. மல்லாக்க கிடந்தாருன்னு சொல்றாங்க, ஆனா நிலைச்ச நீலம் நெஞ்சுலயும் முகத்துலயும் இருக்குன்னா, பல மணி நேரம் குப்புறக் கிடந்த உடம்ப யாரோ திருப்பியிருக்காங்க. தூக்குல ரொம்ப நேரம் தொங்கினவங்களுக்கு கை, கால் கீழ்ப்பகுதியில நீலம் இறங்கி நிக்கும். நிறம் செர்ரிப்பழச் சிவப்பா இருந்தா கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு, சயனைடு விஷம் நினைவுக்கு வரணும், ஃப்ரிட்ஜ்ல வச்ச உடம்பும் ரோஸ் நிறமாத்தான் இருக்கும்ங்கறதையும் மறக்கக் கூடாது.

இப்போ ஸ்கேனுக்கு வரேன். நுரையீரல் பின்பக்கம் வெள்ளைன்னு எழுதியிருக்கறதும் பெரும்பாலும் இதே கதைதான், வெளியே முதுகுத் தோல்ல இறங்கின மாதிரி உள்ளயும் ரத்தம் இறங்கியிருக்கு. இதயத்துலருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாயான மகாதமனியிலயும் இதயத்துலயும் பாத்தா கலங்கின தண்ணி தெளியற மாதிரி மேல ஒரு அடுக்கு, கீழ அடர்த்தியா ஒரு அடுக்கு, நடுவுல நேர்கோடு தெரியும். உயிரோட இருக்கறவங்க ஸ்கேன் மட்டுமே பாத்துப் பழகினவங்க இந்த நுரையீரல நிமோனியான்னு படிச்சுட வாய்ப்பு இருக்கு, அதனால ரிப்போர்ட் யார் படிச்சாங்கன்னு கேளுங்க.

எலும்பு முறிவு, உள்ள தங்கின குண்டு, மண்டைக்குள்ள ரத்தம், இருக்கக் கூடாத இடத்துல காத்து, இதெல்லாம் காட்டறதுல சிடி ரொம்ப கெட்டி, சில சமயம் கத்தியவிட மேல். சுவிட்சர்லாந்துல பெர்ன் பல்கலைக்கழகத்துல 1990கள் கடைசியில விர்டாப்ஸின்னு, ஸ்கேன் வச்சே பிரேதத்த சோதிக்கற இந்த முறைய வளர்த்தெடுத்ததே அறுக்காம எவ்வளவு பாக்க முடியும்னு தேடித்தான். ஆனா சாயமருந்து ஏத்தாம எடுத்த சாதா சிடியில இதய ரத்தக்குழாய் அடைப்பும் நுரையீரல்ல போய் அடைச்ச ரத்தக்கட்டியும் நழுவிடும், விஷம் தெரியவே தெரியாது, தோலுக்கடியில இருக்கற சின்ன ரத்தக்கட்டும் தப்பிடும். எலும்பு உடையாமலே ஒருத்தர நல்லா அடிக்க முடியும், அதே மாதிரி முன்பக்க விலா உடைஞ்சிருந்தா அது நெஞ்ச அழுத்தி உயிர் காப்பாத்தப் பாத்ததாலயும் இருக்கலாம்.

அதனால என் பதில்: அடின்னு முடிவு கட்ட இந்த நீலம் போதாது, அடியே இல்லன்னு சொல்ல இந்த ஸ்கேன் போதாது. வீட்ல சந்தேகம் இருக்கறப்போ போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு சொல்லாதீங்க, முதுகுத் தோல உரிச்சு உள்ள பாக்கச் சொல்லியும், விஷம் இருக்கான்னு பாக்க ரத்தம், சிறுநீர் சாம்பிள் எடுக்கச் சொல்லியும் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. கடைசியா அவர உயிரோட பாத்தது எத்தனை மணி, எப்படி கிடந்தாரு, யார் எப்போ திருப்பினாங்க, நெஞ்ச யாராவது அழுத்தினாங்களா, இத ஒரு தாள்ல எழுதி, எடுத்த போட்டோ இருந்தா அதையும் சேத்து, விசாரிக்கற அதிகாரிகிட்டயும் டாக்டர்கிட்டயும் கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க.