கார்டு வீட்டில்தான் இருக்கிறது, கணக்கில் பணம் இல்லை!
வாசகர் கேள்விகள் – வங்கித் துறை வல்லுநர்களின் பதில்கள்

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்கு வடமாநில ஏ.டி.எம். ஒன்றில் பத்தாயிரம் பத்தாயிரமாக நான்கு முறை, மொத்தம் 40,000 ரூபாய் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. கார்டு என் பீரோவிலேயே இருந்தது. ஓ.டி.பி., பின் நம்பர் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் இரண்டாவது சனி, அடுத்தது ஞாயிறு. திங்களன்று கிளைக்குப் போய்ச் சொன்னேன். ‘புதன்கிழமை வாருங்கள்’ என்றார்கள். புதனன்று மனு கொடுத்தால், ‘ஐந்து நாள் ஆகிவிட்டது, பின் நம்பர் சரியாகப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், வங்கி பொறுப்பல்ல’ என்கிறார்கள். பணம் அவ்வளவுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. கிளையில் நாளையே தப்பாக எண்ணியிருக்கிறார்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, குறுஞ்செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கிளையின் வேலைநாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும். வெள்ளி விலக்கு, சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த திருட்டாக இருந்து, மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நீங்கள் கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். தவறு வங்கியின் பக்கம் என்றாலோ, இந்த நாள் கணக்கே தேவையில்லை.

நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் தெரிவித்திருந்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். ஜன் தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் 5,000. ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

‘பின் நம்பர் போட்டிருக்கிறார்கள், அதனால் நீங்கள்தான் பொறுப்பு’ என்ற வாதத்துக்கு வருவோம். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டிய கடமை வங்கிக்கு என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஏ.டி.எம்.மின் கார்டு வாயில் மெல்லிய ஸ்கிம்மர் ஒன்றைப் பொருத்தி, கார்டின் பின்புறக் கருப்புக் காந்தப்பட்டையில் உள்ள தகவலை நகலெடுப்பார்கள். விசைப்பலகைக்கு மேலே ஒளித்து வைத்த கேமரா பின் நம்பரைப் பார்த்துக்கொள்ளும். பட்டையை நகலெடுப்பது சுலபம், சிப்பை நகலெடுப்பது நடைமுறையில் மிகக் கடினம். அதனால் வங்கியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘கார்டு எப்படி வாசிக்கப்பட்டது?’ என்பதுதான். ஒவ்வொரு பரிவர்த்தனைப் பதிவிலும் ‘என்ட்ரி மோடு’ என்று ஓர் எண் இருக்கும். 05 என்றால் சிப் வழியாக. 90 அல்லது 80 என்றால் காந்தப்பட்டை வழியாக. சிப் கார்டுக்கு 90 என்று பதிவாகியிருந்தால் போலிக் கார்டு என்ற உங்கள் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 05 என்று வந்தால் வங்கி, அசல் கார்டுதான் போயிருக்கிறது என்று வாதாடும். அப்போது அந்த ஏ.டி.எம்.மின் கேமராப் பதிவுதான் துணை. அது காலம் முழுக்க இருக்காது, நாளானால் அழிந்துவிடும். எனவே இப்போது கொடுக்கும் மனுவிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.

மனு நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“என் சேமிப்புக் கணக்கிலிருந்து இன்ன தேதி இரவு 11.40 முதல், இன்ன ஏ.டி.எம்.மில், நான்கு முறையாக ரூ.40,000 என் அனுமதியின்றி எடுக்கப்பட்டுள்ளது. அப்போது கார்டு என் வசம் கும்பகோணத்தில் இருந்தது. பின் நம்பரை யாரிடமும் பகிரவில்லை. 6.7.2017 சுற்றறிக்கைப்படி பத்து வேலைநாளுக்குள் தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும். பரிவர்த்தனைப் பதிவின் நகல், என்ட்ரி மோடு விவரம் ஆகியவற்றைத் தரவும். கேமராப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும். திங்களன்று நேரில் தெரிவித்தபோது புதனன்று வரச் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவைக் கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போடுங்கள். திங்கட்கிழமை வாய்ச்சொல்லாக முடிந்ததுதான் உங்கள் வழக்கில் பலவீனம். இனி யாருக்கு நேர்ந்தாலும், இரவானாலும் விடுமுறையானாலும், வங்கியின் உதவி எண்ணில் கார்டை முடக்கிப் புகார் எண்ணை வாங்கிவிட வேண்டும். கிளை திறக்கும்வரை காத்திருக்கவே கூடாது. முடக்கிய கார்டை ஆத்திரத்தில் நறுக்கிப் போட்டுவிடாதீர்கள், அது உங்கள் சாட்சிப் பொருள்.

பத்து வேலைநாளில் வங்கி வைக்கும் வரவு தற்காலிகமானது. விசாரணை முடியும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் வைத்திருக்கலாம். ஆனால் பணம் போன தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்பதால் வட்டி நஷ்டமாகாது. 90 நாளுக்குள் விசாரணையை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் உங்கள் பொறுப்புக்கு உட்பட்ட தொகை போக மீதியை வங்கி தந்தாக வேண்டும்.

கேள்வி: ‘உங்கள் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது’ என்று போன் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறந்தேன், ஓ.டி.பி.யும் சொல்லிவிட்டேன். 87,000 ரூபாய் போய்விட்டது. எனக்கும் 10,000 ரூபாய் வரம்பு உண்டா?
– பனியன் நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டோம். ஓ.டி.பி.யை நீங்களே சொன்னால் அது உங்கள் கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுக்க உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு ஒரு ரூபாய் போனாலும் வங்கியின் நஷ்டம். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் உதவி எண். பணம் முதலில் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளாகப் பிரியும், கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியேறும். 1930-இல் பதிவானதும் புகார் அந்தந்த வங்கிகளுக்கு நேரே போய், வழியில் தங்கியிருக்கும் பணம் நிறுத்தி வைக்கப்படும். ரொக்கமாகிவிட்டால் நிறுத்த ஒன்றுமில்லை. அழைக்கும்போது கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனைக் குறிப்பு எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். குறிப்பு எண் இல்லாமல் திணறுபவர்கள்தான் அதிகம். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாக்கி, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையும் அணுகுங்கள். நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஏ.பி.கே. இன்னும் போனில் இருந்தால், வரும் குறுஞ்செய்திகள் திருடனுக்கும் போய்க்கொண்டிருக்கும். அதே போனில் பாஸ்வேர்டு மாற்றுவது, புதுச் சாவியையும் அவனிடமே கொடுப்பதுபோல. அந்தப் போனில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொருவர் போனிலிருந்து எல்லாவற்றையும் முடக்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் அழைத்த எண்ணையும் படமெடுத்து வைத்த பிறகே போனை ரீசெட் செய்யலாம்.

கேள்வி: ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் 5,000 கழிந்துவிட்டது. இதுவும் மோசடியா?
– தேநீர்க் கடை உரிமையாளர், விருதுநகர்

பதில்: பெரும்பாலும் இயந்திரக் கோளாறுதான். எடுத்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், நீங்கள் கேட்காமலே, தர வேண்டும் என்பது 2019 முதல் விதி. இதில் காலண்டர் நாட்கள்தான் கணக்கு. 3-ஆம் தேதி எடுத்து 14-ஆம் தேதி திரும்பினால், 8-ஆம் தேதியோடு கெடு முடிந்து, ஆறு நாளுக்கு 600 ரூபாய் சேர்த்து வர வேண்டும். ஏ.டி.எம். எந்த வங்கியுடையது என்பது பொருட்டல்ல. உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும்.

கேள்வி: மாதாமாதம் 199 ரூபாய் கழிகிறது. அந்தச் செயலியை எப்போதோ நீக்கிவிட்டேன்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. நீங்கள் கொடுத்த ‘இ-மேன்டேட்’, அதாவது தானாகப் பணம் கழிக்கும் அனுமதி, உயிரோடுதான் இருக்கும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காமலே கழியும். 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிப்பு அனுப்பும், அதிலேயே நிறுத்தும் வழியும் இருக்கும். வங்கியின் செயலியிலும் ரத்து செய்யலாம். நீங்களே அனுமதித்த தொகை என்பதால் ‘அனுமதியற்ற பரிவர்த்தனை’ என்று புகார் கொடுத்தால் நிற்காது.

கேள்வி: வங்கி பதிலே தரவில்லை. அடுத்து எங்கே போவது? இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க கார்டில் என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கிக்குப் புகார் கொடுக்காமல் நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கார்டைப் பொறுத்தவரை, வங்கிச் செயலியில் கார்டு அமைப்புகளைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை இன்றே அணைத்து வையுங்கள். பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்புற மூன்று இலக்கம் தெரிந்தாலே போதும். தட்டிச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் தேவையில்லை. அதைப் பயன்படுத்தாதவர்கள் அணைத்துவிடலாம். ஏ.டி.எம். தினசரி வரம்பை உங்கள் தேவைக்குக் குறைத்து வையுங்கள். மாதம் 6,000 ரூபாய் எடுப்பவருக்கு 40,000 ரூபாய் வரம்பு எதற்கு?